முக்குளிக்காதவர்க்கும் உரியது பொனேர்

அந்நியச் செலாவணிப் பிரிவில் பணிபுரிபவருக்கு வாடிக்கையாளர்களின் விடுமுறைத் திட்டங்கள் கணக்கு வடிவில் முன்னதாகவே தெரிந்துவிடும். வெளிநாட்டில் வேலை பார்க்கும் மகனோ மகளோ அழைக்க, ஓய்வு பெற்ற பெற்றோர் தம் சேமிப்பில் ஒரு பகுதியை எடுத்துக்கொண்டு உடன் செல்கின்றனர். அந்தப் பயணப் பட்டியலில் கரீபியத் தீவுகளும் இடம்பெறத் தொடங்கியுள்ளன. செலவுத் திட்டத்தைப் பார்த்தால், ஸ்கூபா முக்குளிப்புக்கான கட்டணம், கருவிகளின் வாடகை, படகுக் கூலி என இளையவர்களின் பங்கு விரிவாக இருக்கும். பெற்றோரின் பங்காக விடுதி அறை மட்டுமே இருக்கும். "நாங்கள் கரையில் உட்கார்ந்திருப்போம்" என்பார்கள்.

இந்த ஏற்பாடு சரியன்று என்பது என் கருத்து. ஒரு தீவின் நிலத்தையும் மக்களையும் விட்டுவிட்டு அதன் கடலை மட்டும் காண்பது, வரவுப் பக்கத்தை மட்டும் படித்துவிட்டுப் பேரேட்டை மூடுவதற்கு ஒப்பாகும். முக்குளிப்போரின் தலைநகரம் போல் விளங்கும் பொனேர் தீவையே இதற்குச் சான்றாகக் காட்டலாம்.

வெனிசுவேலாவின் கடற்கரைக்கு வடக்கே அமைந்த இத்தீவு ஏறத்தாழ 290 சதுர கிலோமீட்டர் பரப்புடையது. 2010 அக்டோபர் முதல் நெதர்லாந்தின் சிறப்பு நகராட்சியாக உள்ளது. இங்குள்ள வாகனங்களின் எண் பலகையிலேயே 'முக்குளிப்போரின் சொர்க்கம்' என்று பொறிக்கப்பட்டிருக்கும். கரையைச் சுற்றியுள்ள பவளப்பாறைகள் 1979 முதல் கடல் பூங்காவாகப் பாதுகாக்கப்படுவதால் அந்தப் பெருமை நியாயமானதே.

ஆயினும் இத்தீவின் வரலாறு எழுதப்பட்டது நீருக்கடியில் அன்று, தெற்கேயுள்ள உப்பளங்களில். வாடகை வண்டியில் அரை நாள் போதும். நீந்தத் தெரிய வேண்டியதில்லை. கடல்நீர் பாத்திகளில் தேக்கப்பட்டு, வெயிலாலும் ஓயாது வீசும் வியாபாரக் காற்றாலும் வற்றுகிறது. உப்பின் செறிவு கூடக் கூட, அதில் மட்டுமே வாழவல்ல நுண்ணுயிர்களால் நீர் இளஞ்சிவப்பாக மாறுகிறது. அருகில் வெண்ணிறக் குன்றுகளாக உப்பு குவிந்திருக்கும். இன்று இத்தொழிலை நடத்துவது கார்கில் நிறுவனம். உப்பளத்தின் ஒரு பகுதி பூநாரைகளின் இனப்பெருக்கத்துக்கென ஒதுக்கப்பட்டுள்ளது. அதனுள் நுழைய அனுமதியில்லை. சாலையோரத்தில் நின்று தொலைநோக்கியால் காணலாம். அப்பறவைகளுக்கு நிறம் தருவதும் அந்த உப்புநீரில் கிடைக்கும் இரையே.

அதே சாலையில் சிறிது தூரம் சென்றால் கடலை நோக்கி வரிசையாகக் கற்குடில்கள் நிற்கின்றன. 1850ஆம் ஆண்டளவில் கட்டப்பட்டவை. குனிந்து, ஏறக்குறைய தவழ்ந்தே உள்ளே செல்ல இயலும். நிமிர்ந்து நிற்க இடமில்லை. உப்பு வெட்டிய அடிமைகள் இரவில் ஒதுங்கிய இடங்கள் இவை. அவர்களுடைய குடும்பங்கள் தீவின் வட பகுதியில் ரின்கோன் என்னும் ஊரில் இருந்தன. வார இறுதியில் வீடு செல்ல ஏழு மணி நேரம் வரை நடந்தார்கள். அதே வழியில் திரும்பினார்கள். குடில்களுக்கருகே உயர்ந்த கூம்புத் தூண்களைக் காணலாம். சிவப்பு, வெள்ளை, நீலம் என வெவ்வேறு நிறங்களில், எந்தத் துறையில் உப்பு ஏற்ற வேண்டும் என்று கப்பல்களுக்குக் காட்டுவதற்காக 1838இல் எழுப்பப்பட்டவை. சரக்கு ஏற்றும் ஒழுங்கில் அவ்வளவு கவனம் செலுத்திய நிர்வாகம், மனிதனுக்கு இடுப்பளவு வாசலே போதுமென்று கருதியிருக்கிறது.

1863 ஜூலை 1 அன்று டச்சுக் குடியேற்றங்களில் அடிமை முறை ஒழிக்கப்பட்டபோது, நெதர்லாந்து அரசு இழப்பீடு வழங்கியது. அதைப் பெற்றவர்கள் உடைமையாளர்கள். விடுதலை பெற்றவர்கள் அல்லர். வணிகவியல் படித்தவன் என்ற முறையில், சொத்துப் பதிவேட்டிலிருந்து ஓர் இனத்தை நீக்கிய கணக்காகவே இது எனக்குத் தோன்றுகிறது. நெதர்லாந்துப் பிரதமர் அடிமை முறைக்காக அரசின் சார்பில் மன்னிப்புக் கேட்டது 2022 டிசம்பரில்தான். இக்குடில்களுக்கு எதிரிலுள்ள கடலிலும் முக்குளிப்போர் இறங்குகின்றனர். அவர்கள் காற்றுக் கலன்களைக் கழற்றிவிட்டு ஒரு மணி நேரம் இங்கே நின்றால் நல்லது.

ரின்கோனுக்கும் சென்று வர வேண்டும். கடலிலிருந்து கண்ணுக்குத் தெரியாத பள்ளத்தாக்கில் அமைந்த, தீவின் மிகப் பழைய ஊர் அது. அங்குள்ள சிற்றுணவகங்களில் ஆட்டிறைச்சிக் குழம்பும் கள்ளிச்சாறும் கிடைக்கும். சோளமாவில் கிண்டும் 'ஃபுன்ச்சி' நம் களிக்கு நெருங்கிய உறவு. இறைச்சி உண்ணாதவர்களுக்கும் அது கைகொடுக்கும். பாப்பியமெந்து மொழியில் நன்றிக்கு 'டாங்கி' என்பர். அந்த ஒரு சொல்லுக்கே முகம் மலர்கிறது.

வடமேற்கில் வாஷிங்டன் ஸ்லாக்பாய் தேசியப் பூங்கா உள்ளது. ஒரு காலத்தில் ஆடு வளர்ப்பும் கற்றாழைச் சாகுபடியும் நடந்த தோட்டப் பண்ணைகள், 1969 முதல் காப்பிடமாக மாறின. 24 கிலோமீட்டரிலும் 34 கிலோமீட்டரிலும் இரண்டு மண்சாலைச் சுற்றுகள் உண்டு. கள்ளிக் காடு, மஞ்சள் தோள் கிளி, பாறையில் வெயில் காயும் இகுவானா என வண்டியில் அமர்ந்தபடியே பார்க்க நிறைய இருக்கிறது. கால் வலு உள்ளவர்கள் 241 மீட்டர் உயரமுள்ள பிராண்டாரிஸ் குன்றில் ஏறலாம். மூட்டுவலி உள்ளவர்கள் சிறிய சுற்றோடு நிறுத்திக்கொள்வது நலம். சாலை குலுக்கி எடுத்துவிடும்.

தென்கிழக்கில் உள்ள லாக் விரிகுடாவில் நீர் பல இடங்களில் இடுப்பளவே இருக்கும். இளைஞர்கள் அங்கே பாய் கட்டிய பலகைகளில் காற்றோடு விரைவார்கள். வடபுறத்து அலையாத்திக் காட்டுக்குள் வழிகாட்டியுடன் துடுப்புப் படகில் செல்வதையே நான் பெரிதும் பரிந்துரைப்பேன். பவளப்பாறையில் முக்குளிப்போர் வியந்து காணும் மீன்களில் பல, குஞ்சுப் பருவத்தை இந்த வேர்களுக்கிடையில்தான் கழிக்கின்றன.

முக்குளிக்காதவர் பொனேருக்கு ஏன் செல்ல வேண்டும், வேறு தீவு இல்லையா என்று கேட்கலாம். நீண்ட வெண்மணல் கடற்கரையும் இரவுக் கொண்டாட்டமும் வேண்டுவோருக்கு அண்டைத் தீவான அரூபாவே பொருத்தம். பொனேரின் கரைகளில் பெரும்பாலும் பவளத் துண்டுகளே காலில் உறுத்தும். ஆனால் குடும்பத்தில் ஒருவர் முக்குளிக்க, மற்றவர் உடன் செல்வதானால், அந்த மற்றவரின் நாட்களுக்கும் திட்டமும் தனித் தொகையும் வேண்டும். முக்குளிப்பவருமே கடைசி நாளில் கரையில்தான் இருக்க வேண்டும். உடலில் கரைந்த நைட்ரஜன் உயரத்தில் குமிழியாகும் அபாயம் இருப்பதால், பல முறை முக்குளித்தவர் விமானம் ஏறுமுன் குறைந்தது 18 மணி நேரம் காத்திருக்க வேண்டும் என்பது பாதுகாப்பு வழிகாட்டுதல். உப்பளத்தை அந்த மிச்ச நாளுக்குத் தள்ளாமல், முதல் நாளிலேயே அனைவரும் சேர்ந்து காண்பது சிறப்பு.

செலவைப் பற்றியும் சில சொற்கள். நெதர்லாந்தின் ஆட்சிக்குட்பட்டிருந்தும் இத்தீவின் நாணயம் யூரோ அன்று; 2011 முதல் அமெரிக்க டாலர். யூரோ ஏற்றிய பயண அட்டையுடன் செல்பவர் இரு முறை நாணய மாற்று இழப்பைச் சுமப்பார். நுழைவு வரியையும், பூங்காவுக்குத் தேவையான இயற்கைப் பாதுகாப்புக் கட்டணத்தையும் முக்குளிக்காதவரும் தம் கணக்கில் சேர்த்துக்கொள்ள வேண்டும். ஷெங்கன் விசா வேறு, நெதர்லாந்தின் கரீபியப் பகுதிக்கான விசா வேறு. தூதரகத்தில் அதை உறுதி செய்துகொண்டு, பிறகு அட்டையில் டாலர் ஏற்றலாம்.