காவலனை நீக்கற்க

கைப்பட எழுதிய இடாப்புகளின் இடத்திலே இணையவழித் தரவுத்தளங்கள் அமர்ந்துவரும் காலம் இது. மாணவர் விபரமும் பழைய மாணவர் சங்க அங்கத்தவர் விபரமும் அவற்றிற் பதியப்படுகின்றன. அப்பணியில் ஈடுபடுவோரை அடிக்கடி இடைமறிப்பது ‘இரட்டைச் சாவி’ என்னும் வழுவாகும். புதிய பதிவொன்றைச் சேமிக்க முயலுங்கால், இச்சாவி முன்னரே உளதெனக் கூறிக் கணினி அதனை ஏற்க மறுக்கின்றது. மறுப்பின் காரணத்தை ஆராயாது, மறுக்கும் விதியையே நீக்கிவிடுவாரும் உளர். அது பெருந்தவறென்பது எமது துணிபு.

1970 ஆம் ஆண்டில் எட்கர் கொட் என்னும் அறிஞர் தொடர்புசார் தரவு மாதிரியை வெளியிட்டபோதே, அட்டவணையின் ஒவ்வொரு வரியையும் தனித்து இனங்காட்டும் முதன்மைச் சாவியையும் வரையறுத்தார். ஒரு சாவிக்கு ஒரு பதிவே என்பது விதி. அவ்விதி மீறப்படுங்கால் மைஎஸ்கியூஎல் 1062 என்றும், போஸ்ற்கிறெஸ் 23505 என்றும் இலக்கமிட்டு அறிவிக்கும். எச்சாவி, எப்பெறுமானம் என்பவற்றையும் அவ்வறிவித்தல் பெரும்பாலும் கூறும். அதனை முற்ற வாசித்தலே முதற்கடன்.

சேமிக்கும் பொத்தானை ஒருவர் இருமுறை அழுத்தியிருக்கலாம். அன்றி, எழுதுவினைஞர் இருவர் ஒரே விபரத்தை ஒரே கணத்திற் பதிந்திருக்கலாம், ‘முன்னர் உளதோ?’ என நிரல் இருவர்க்காகவும் தேடி, இருகாலும் இல்லையென்றே கண்டிருக்கும். ஆதலால், முற்கூட்டித் தேடுதல் மட்டும் போதாது. தரவுத்தளத்தின் மறுப்பை ஏற்று, அதனைப் பதிவோர்க்குத் தெளிவாக உரைக்கவும் நிரல் அமைந்திருத்தல் வேண்டும். பழைய பதிவுகளை அவற்றின் இலக்கங்களோடு ஏற்றியபின், தானாக இலக்கமிடும் எண்ணி பின்தங்கி நின்று, வழங்கிய இலக்கத்தையே மீண்டும் வழங்குவதுமுண்டு. அதனை மிகப்பெரிய இலக்கத்துக்கு அப்பால் நகர்த்தினால் வழு தீரும்.

இவற்றினும் ஆழமான குறை, சாவியைத் தவறாகத் தெரிதல். முதலெழுத்தும் பெயரும் ஒத்த மாணவர் இருவர் ஒரே வகுப்பில் இருத்தல் எம் நாட்டிற் புதுமையன்று. பெயரைச் சாவியாக்கினால் இரண்டாமவனுக்கு இடமில்லாது போம். இதற்கு மறுதலையான இடரும் உண்டு. எமது தேசிய அடையாள அட்டை இலக்கம் முன்னர் ஒன்பது இலக்கங்களும் ஓர் எழுத்துமாக இருந்து, 2016 முதல் பன்னிரண்டு இலக்கங்களாயிற்று. ஒருவரே இரு வடிவிலும் பதியப்படின் கணினி அவரை இருவரெனக் கொள்ளும்; வழுவொன்றும் தோன்றாது. ஆதலின், மாணவர்க்குச் சேர்விலக்கமே தக்க சாவி. அடையாள அட்டை இலக்கத்தைக் கொள்வதாயின் ஒரே வடிவுக்கு மாற்றிக்கொண்டே பதிதல் வேண்டும்.

இலக்கணத்தில் வழுவும் உண்டு, காரணம் பற்றி அமைத்துக்கொள்ளும் வழுவமைதியும் உண்டு. இவ்வழுவுக்கு அமைதி கூறல் பொருந்தாது. காவலன் நீங்கியபின் ஒரு மாணவனின் புள்ளிகள் ஒரு பதிவிலும், அவன் பெற்ற சான்றிதழ் விபரம் மற்றொன்றிலும் கிடக்கும். பின்னொரு நாள் அவன் தன் பெறுபேற்றைக் கேட்டு வருங்கால் யார் விடை கூறுவார்? கணினி கற்கும் எமது மாணவர் இதனை நினைவிற் கொள்வாராக.