தாடி ஓணானின் ‘ஸலாம்’

ஆஸ்திரேலியாவின் சிட்னி நகரில் குடியிருக்கும் சகோதரி ஒருவர் நீண்ட கடிதம் எழுதியுள்ளார். அவருடைய ஒன்பது வயது மகன் இரண்டு தாடி ஓணான்களைக் கண்ணாடித் தொட்டியில் வளர்க்கிறான். ஆங்கிலத்தில் ‘பியர்டட் டிராகன்’ என்று அழைக்கப்படும் பிராணி அது. முதலில் ஒன்றுதான் இருந்தது. தனிமையில் வாடுமே என்று இரக்கப்பட்டு, சென்ற ஆண்டு அதனினும் சிறிய மற்றொன்றைத் துணைக்குச் சேர்த்தார்களாம். சிறியது அடிக்கடி ஒரு முன்னங்காலைத் தூக்கி மெல்ல அசைக்கிறது. “உம்மா, அது ஸலாம் சொல்கிறது” என்று பையன் பூரித்துப் போகிறான். வெப்ப விளக்கின் கீழ் இரண்டும் ஒன்றின்மேல் ஒன்றாகப் படுத்திருப்பதைப் பார்த்து வீட்டாரும் மனம் நெகிழ்ந்திருக்கிறார்கள். ஜூன் மாதக் குளிர் தொடங்கிய பின்னர் சிறியது இரை எடுப்பதில்லை. மரக்கட்டைக்கு அடியில் ஒடுங்கிக் கிடக்கிறது. ‘இது குளிர்காலத் தூக்கம், கவலை வேண்டாம்’ என்கிறார்கள் சிலர். ஊரிலிருந்து வந்திருக்கும் மாமியாரோ, ‘பல்லியைக் கொல்லச் சொல்லியிருக்க, அதற்கு விளக்குப் போட்டு வளர்ப்பதா?’ என்று வருந்துகிறாராம். என்ன செய்வது என்று கேட்கிறார் சகோதரி.

சுருக்கமான பதிலை முதலில் சொல்லிவிடுவோம். இரண்டையும் இன்றே வெவ்வேறு தொட்டிகளில் பிரித்து வையுங்கள். சிறியதை எடை போடுங்கள். ஊர்வனவற்றுக்கு மருத்துவம் பார்க்கும் கால்நடை மருத்துவரிடம் இந்த வாரத்திலேயே கொண்டு செல்லுங்கள். பையன் ஸலாம் என்று எண்ணி மகிழ்வது ஸலாம் அன்று.

தாடி ஓணான் கிழக்கு ஆஸ்திரேலியாவின் உள்நாட்டு வறண்ட நிலங்களுக்கு உரியது. வாலோடு சேர்த்து ஏறத்தாழ 45 முதல் 60 சென்டிமீட்டர் நீளம் வளரும். வேலிக் கம்பங்களிலும் பட்ட மரங்களிலும் ஏறி வெயில் காய்வது அதன் வழக்கம். கூட்டமாக வாழும் பிராணி அன்று. தனக்கென ஓர் இடத்தைப் பிடித்துக்கொண்டு தனித்தே வாழும். அந்த இடத்திற்குள் தன்னினும் பெரியது ஒன்றைச் சந்திக்க நேர்ந்தால், சிறியது முன்னங்காலை உயர்த்தி மெதுவாக வட்டமிட்டு அசைக்கும். ‘உன்னோடு மோத எனக்குத் தெம்பில்லை, என்னை விட்டுவிடு’ என்பதே அதன் பொருள். காட்டில் இவ்வாறு பணிந்துவிட்டு அது ஓடி மறைந்துகொள்ளலாம். கண்ணாடித் தொட்டிக்குள் ஓட வழியேது? காலை முதல் இரவு வரை அந்தப் பெரியதன் முன்னிலையிலேயே அது இருந்தாக வேண்டும்.

ஒன்றின்மேல் ஒன்று படுப்பதும் பாசமன்று. ஊர்வன தம் உடற்சூட்டை வெளியிலிருந்தே பெறுகின்றன. தின்ற இரை செரிப்பதற்கும் அந்தச் சூடு வேண்டும். வலியது மேலே ஏறிப் படுத்து விளக்கின் வெப்பத்தையும் ஒளியையும் தானே எடுத்துக்கொள்கிறது. எளியது அதன் நிழலில் கிடக்கிறது. இரையிலும் இதே கதைதான். ஓர் ஆண்டாக இப்படி நடந்திருக்குமானால், இப்போது கட்டைக்கு அடியில் கிடப்பது தூங்கும் பிராணியா, பட்டினியால் ஒடுங்கிய பிராணியா என்ற ஐயம் எழுவது இயல்பே.

அண்ணல் நபி (ஸல்) அவர்கள் மதீனாவில் அன்சாரி ஒருவரின் தோட்டத்திற்குள் சென்றபோது, அங்கிருந்த ஒட்டகம் அவர்களைக் கண்டதும் முனகிக் கண்ணீர் வடித்தது என்றும், அவர்கள் அதைத் தடவிக் கொடுத்துச் சாந்தப்படுத்திய பின் அதன் உரிமையாளரான இளைஞரை அழைத்து, அவர் அதைப் பட்டினி போடுவதாகவும் ஓயாது வேலை வாங்குவதாகவும் அது தம்மிடம் முறையிட்டது என்று கூறிக் கண்டித்தார்கள் என்றும் அபூதாவூதில் ஒரு செய்தி உண்டு. நமக்கு அத்தகைய அறிவு அருளப்படவில்லை. ஆயினும் பிராணியின் உடலசைவுகளைக் கற்றுக்கொண்டு அதன் முறையீட்டைப் புரிந்துகொள்ளும் வாய்ப்பு நமக்கும் இருக்கிறது. தாடி ஓணான் குரல் எழுப்பும் பிராணி அன்று. ஆகவே அதன் உடலைத்தான் நாம் படித்தாக வேண்டும்.

தலையை வேகமாக மேலும் கீழும் ஆட்டினால், அது ஆண் தன் அதிகாரத்தைக் காட்டுவதாகும். பெண்ணை நாடும்போதும் அவ்வாறே செய்யும். (நம் ஊர் ஓணானும் இதே குடும்பத்தைச் சேர்ந்ததே. அது தலையாட்டி நம்மைக் கேலி செய்கிறது என்று எண்ணிக் கல்லெறியும் சிறுவர்களுக்கு இதை யாராவது சொன்னால் நல்லது.) கழுத்துத் தாடியை உப்ப வைத்துக் கறுத்துக் காட்டினால் கோபம், அச்சம் அல்லது இணை நாட்டம். இவை எதுவுமின்றி நாள் முழுதும் தாடி கறுத்தே இருந்தால் வலியோ நோயோ இருக்கக்கூடும். விளக்கின் கீழ் வாயைத் திறந்து கொண்டிருப்பது மிகுந்த சூட்டை வெளியேற்றுவதற்காக. அதில் அஞ்ச ஒன்றுமில்லை. குளிர்ந்த பக்கத்திலும் வாய் திறந்தபடி, மூச்சில் சளிச் சத்தமும் கேட்டால் அது நுரையீரல் நோயின் அறிகுறி. கண்ணாடியைப் பிராண்டிக்கொண்டு பின்கால்களில் நின்று ஏற முயல்வதைப் பலர் விளையாட்டு என்று நினைக்கிறார்கள். இடம் போதாமை, அளவு மீறிய வெப்பம், கண்ணாடியில் தெரியும் தன் நிழலையே எதிரி என்று எண்ணுதல் ஆகிய மூன்றில் ஒன்று பெரும்பாலும் காரணமாக இருக்கும். பெண் ஓணான் விடாது மண்ணைப் பறித்தால் முட்டையிட இடம் தேடுகிறது என்று கொள்ளவும். ஆண் துணை இல்லாமலேயே அது கருவற்ற முட்டைகளை இடும். ஈர மணல் நிரப்பிய பெட்டி ஒன்றை வைக்காவிட்டால் முட்டை உள்ளேயே தங்கி உயிருக்கு ஆபத்தாகிவிடும்.

இன்னொன்றையும் பையனுக்குச் சொல்லுங்கள். இப்பிராணியின் உச்சந்தலையில் ஒளியையும் நிழலையும் உணரும் மூன்றாவது கண் போன்ற சிறு உறுப்பு ஒன்றை இறைவன் அமைத்திருக்கிறான். மேலிருந்து நிழல் விழுந்தால் பருந்து பாய்வதாகவே அதற்குத் தோன்றும். எனவே கையை மேலிருந்து நீட்டாமல், அது பார்க்கும்படி பக்கவாட்டில் கொண்டு சென்று வயிற்றுக்கு அடியில் தாங்கி எடுக்க வேண்டும்.

இனி, குளிர்காலத் தூக்கத்துக்கு வருவோம். இது உண்மையான ஒன்றுதான். குளிரும் பகற்பொழுதின் சுருக்கமும் வரும் காலத்தில் வளர்ந்த தாடி ஓணான் சில வாரங்களோ, இரண்டு மூன்று மாதங்களோ ஒடுங்கிக் கிடக்கும். அறைக்குள் விளக்கு எரிந்தாலும் இது நிகழ்வதுண்டு. கதகதப்பான வீட்டில் சில ஓணான்கள் ஓர் ஆண்டும் இவ்வாறு தூங்காமலே கழிப்பதும் உண்டு. (இதன் சாதாரண இரவுத் தூக்கத்தை ஆராய்ந்த பிராங்பர்ட் மாக்ஸ் பிளாங்க் நிறுவன விஞ்ஞானிகள், மனிதர் தூக்கத்தில் உள்ளதைப் போன்ற இருவகை நிலைகள் இதன் மூளையிலும் மாறி மாறி வருவதை 2016-இல் கண்டறிந்தனர். அற்பப் பிராணி என்று ஒதுக்குபவர்கள் சற்று யோசிக்கலாம்.)

தூக்கமா நோயா என்பதைத் தராசுதான் சொல்லும். நலமாகத் தூங்கும் பிராணியின் எடை பெரும்பாலும் குறையாது. வாரம் ஒருமுறை அதிகம் தொந்தரவு செய்யாமல் நிறுத்து, தேதியுடன் குறித்து வையுங்கள். பத்தில் ஒரு பங்கு எடை குறைந்தாலே மருத்துவரிடம் செல்ல வேண்டும். தூங்கும் ஓணானை எடுத்தால் சோம்பலாகவேனும் கண் திறக்கும். கண்கள் தெளிவாக இருக்கும். நோயுற்றதற்குக் கண்கள் குழி விழுந்திருக்கும். தலையின் மேற்புறம் பள்ளமாகி, வாலின் அடி ஒடுங்கி, இடுப்பெலும்பு துருத்தி நிற்கும். கழிவு நீராகவும் துர்நாற்றத்துடனும் போகும். ஓராண்டு நிறையாத குட்டியையும், முன்பே மெலிந்திருக்கும் பிராணியையும் தூங்க விடுதல் ஆகாது. சகோதரி வீட்டுச் சிறியது இவ்விரண்டாவது வகையைச் சேர்ந்ததாகவே நமக்குப் படுகிறது. மருத்துவர் கழிவைச் சோதித்து, குடற்புழுவும் கிருமியும் உண்டா என்று பார்ப்பார். அதுவரை வாயைப் பிளந்து இரை ஊட்ட வேண்டாம். சூடின்றிக் கிடக்கும் வயிற்றில் இரை செரிக்காமல் அழுகிவிடும்.

பெரியது நலமாக இருப்பதாகச் சகோதரி எழுதுகிறார். இருப்பினும் அதன் விளக்கையும் பார்த்துவிடுங்கள். வெயில் காயும் இடம் 40 டிகிரி செல்சியஸ் அளவிலும், தொட்டியின் மறுபக்கம் 25 டிகிரி அளவிலும் இருந்தால், அது தனக்கு வேண்டிய சூட்டைத் தானே தேடிக்கொள்ளும். வெப்ப விளக்கு மட்டும் போதாது. புற ஊதா ‘பி’ கதிர் தரும் தனி விளக்கும் வேண்டும். அக்கதிர் இல்லாவிடில் உடலில் வைட்டமின் டி உண்டாகாது. அது இல்லாவிடில் சுண்ணாம்புச் சத்து எலும்பில் சேராது. தாடை இளகி, கால்கள் வளைந்து, உடல் நடுங்கத் தொடங்கும். அந்த நடுக்கத்தைக் ‘குளிரில் நடுங்குகிறது’ என்று எண்ணிக்கொண்டிருப்பதைவிடக் கொடுமையில்லை. சன்னலோரம் வைத்தால் வெயில் கிடைக்குமே என்பார்கள். சன்னல் கண்ணாடி அக்கதிரைத் தடுத்துவிடும். இன்னும் கவனிக்கத்தக்கது, விளக்கு கண்ணுக்குப் பிரகாசமாக எரிந்துகொண்டிருக்கும்போதே அக்கதிர் தீர்ந்துபோய்விடும் என்பது. விளக்கின் வகைக்கேற்ப ஆறு மாதத்திற்கோ ஓர் ஆண்டுக்கோ ஒருமுறை மாற்றியே ஆக வேண்டும்.

உணவில் அதிகம் சொல்ல வேண்டியதில்லை. குட்டிக்குப் பூச்சிகள் மிகுதியாகவும், வளர்ந்ததற்குக் கீரையும் காய்களும் மிகுதியாகவும் கொடுக்க வேண்டும். கடையில் வாங்கும் சுவர்க்கோழிப் பூச்சியின் மேல் சுண்ணாம்புச் சத்துப் பொடி தூவுங்கள். அதன் இரு கண்களுக்கும் இடைப்பட்ட தூரத்தைவிடப் பெரிய பூச்சி வேண்டாம். மின்மினிப்பூச்சி ஒன்றே அதைக் கொல்லப் போதுமானது. தோட்டத்தில் பிடித்த எதையும் போடாதிருப்பதே நல்லது.

வீட்டிலுள்ள குழந்தைகளைப் பற்றியும் கூறியாக வேண்டும். பார்வைக்கு நோயில்லாத தாடி ஓணானின் கழிவிலும் சால்மோனெல்லா என்னும் கிருமி இருக்கலாம். அமெரிக்காவில் 2014-ஆம் ஆண்டு, வளர்ப்புத் தாடி ஓணான்களிலிருந்து இக்கிருமியின் அரிய வகை ஒன்று பல மாநிலங்களில் நூற்றுக்கும் மேற்பட்டோருக்குப் பரவியது. அவர்களில் பாதிக்கு மேற்பட்டோர் ஐந்து வயதும் அதற்குக் குறைந்த வயதுமுடைய குழந்தைகள். ஆகவே ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளும், மூத்தோரும், நோய் எதிர்ப்புச் சக்தி குன்றியவர்களும் அதைத் தொடாதிருப்பதே பாதுகாப்பு. தொட்டவர் உடனே சோப்புப் போட்டுக் கைகழுவ வேண்டும். அதன் பாத்திரங்களைச் சமையலறைத் தொட்டியில் கழுவக் கூடாது. அதை முத்தமிடவும் கூடாது. நம்மில் பலர் பின்பற்றும் ஷாஃபி மத்ஹபில் பிராணிகளின் கழிவு நஜீஸ் ஆகும். தொழுகை விரிப்பு இருக்கும் அறையில் அதை உலவ விடாதீர்கள்.

கடைசியாக, மாமியாரின் கேள்வி. அதை அலட்சியப்படுத்தக் கூடாது. ஹதீஸை மதித்து எழுந்த கேள்வி அது. நபி (ஸல்) அவர்கள் கொல்லச் சொன்னதாக வரும் ‘வஸக்’ என்பது பல்லி. தாடி ஓணான் விலங்கியலின்படி பல்லிக் குடும்பத்தைச் சேர்ந்ததன்று. வியப்பான செய்தி ஒன்று உண்டு. காலித் பின் வலீத் (ரலி) அவர்கள் உண்ண, அண்ணலார் தாம் உண்ணாமல், ஆனால் தடுக்கவும் செய்யாமல் இருந்த ‘ளப்பு’ என்னும் பாலைவனப் பிராணியை நம் மொழிபெயர்ப்புகளில் ‘உடும்பு’ என்று படிக்கிறோம். ஆனால் அரபுநாட்டு ளப்பு, நம் நாட்டு உடும்பின் இனமன்று. அது பெரும்பாலும் தழை தின்னும், முள்வால் கொண்ட ஓணான் வகை. தாடி ஓணானுக்குத்தான் அது உறவு. இதிலிருந்து சட்டம் எடுப்பது நம் வேலையன்று. வளர்ப்பது பற்றிய மார்க்கத் தீர்ப்பை உங்கள் பகுதி ஆலிம்களிடம் கேட்டறியுங்கள். அனஸ் (ரலி) அவர்களின் தம்பி அபூ உமைர், சிறு பறவை ஒன்றை வைத்து விளையாடியதை அண்ணலார் தடுக்கவில்லை என்பதையும், பூனையை அடைத்து வைத்து உணவு கொடாமலும், தானே தேடித் தின்ன விடாமலும் சாகடித்த பெண்ணின் முடிவு என்னவென்பதையும் அவர்கள் உங்களுக்கு எடுத்துச் சொல்வார்கள்.

இரண்டு தொட்டிகள், இரண்டு விளக்குகள், மருத்துவச் செலவு ஆகியவற்றைத் தாங்க இயலாது என்றால் ஒன்றைக் கொடுத்துவிடுவதில் தவறில்லை. நியூ சவுத் வேல்ஸில் இவற்றை வளர்க்க அரசு உரிமம் தேவை. ஆகவே உரிமம் உள்ளவரிடமே கொடுக்க முடியும். பரிதாபப்பட்டு அருகிலுள்ள புதரில் விட்டுவிடாதீர்கள். அது சட்டத்திற்கும் விரோதம். சிட்னியைச் சுற்றியுள்ள காட்டில் வாழ்வது வேறோர் இனத் தாடி ஓணான். உள்நாட்டு வறண்ட நிலத்துக்குரிய இது அங்கே பிழைப்பது அரிது. பிழைத்தாலும் தன் நோயை அவற்றுக்குக் கொடுத்துவிடும்.