நவம்பருக்கு முன்பே முடிந்துவிடும் தேர்தல்

ஒரு கட்சியின் கோட்டை என்று சொல்லப்படும் தொகுதிகளைப் பற்றி நம்மில் பலருக்கும் ஓர் எண்ணம் உண்டு. அங்கே வாக்குப்பதிவு வெறும் சடங்கு, முடிவு முன்பே தெரிந்தது, ஆராய்வதற்கு ஒன்றுமில்லை என்பதே அது. இவ்வெண்ணம் பிழையானது என்று நான் கருதுகிறேன். கோட்டையிலும் தேர்தல் நடக்கத்தான் செய்கிறது. நாம் பார்த்துக்கொண்டிருக்கும் நாளில் நடப்பதில்லை, அவ்வளவே. அமெரிக்கப் பிரதிநிதிகள் சபைக்கான நியூயார்க் 14ஆம் தொகுதியின் வரலாறு இதற்கு நல்ல சான்று.

நியூயார்க் நகரின் குயின்ஸ், பிராங்க்ஸ் ஆகிய இரு பெரும் பகுதிகளிலிருந்தும் சில வட்டாரங்களைச் சேர்த்து உருவாக்கப்பட்ட தொகுதி இது. எல்லைகள் பலமுறை மாறின. எண்ணும் 9, 7, 14 என்று மாறியது. மாறாமல் இருந்தது ஜனநாயகக் கட்சியின் வெற்றி. 1978இல் ஜெரால்டின் ஃபெராரோ இக்குயின்ஸ் வட்டாரத்திலிருந்து சபைக்குச் சென்றபோது பொதுத்தேர்தலில் அவர் பெற்றது சுமார் 54 விழுக்காடுதான். 1984இல் அவர் துணை அதிபர் பதவிக்குப் போட்டியிட, அவருடைய இடத்துக்குத் தாமஸ் மேன்டன் வந்தார். குயின்ஸ் மாவட்டக் கட்சியின் தலைமையும் பின்னர் மேன்டனின் கைக்கு வந்தது. கோட்டையின் மதில்கள் அதன்பின் உயர்ந்துகொண்டே போயின.

1998இல் நடந்ததைக் கூர்ந்து கவனிக்க வேண்டும். மறுபடியும் போட்டியிடுவதாக மேன்டன் மனுத்தாக்கல் செய்திருந்தார். பிறர் மனுத்தாக்கல் செய்வதற்கான காலக்கெடு முடிந்த பிறகு, தாம் விலகுவதாக அறிவித்தார். காலியான இடத்தை நிரப்பும் உரிமை கட்சிக் குழுவிடம் இருந்தது. குழு ஜோசப் கிரௌலியைத் தேர்ந்தெடுத்தது. வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கக் கட்சி வாக்காளர்களே வாக்களிக்கும் உட்கட்சித் தேர்தல் என்ற படியைத் தாண்டாமலே, நவம்பரில் கிரௌலி எளிதாக வென்றார். சட்டம் எங்கும் மீறப்படவில்லை. ஆனால் அத்தொகுதியின் உண்மையான தேர்தல் அவ்வாண்டு ஓர் அறைக்குள் நடந்து முடிந்தது.

2004க்குப் பிறகு உட்கட்சித் தேர்தலிலும் கிரௌலியை எதிர்ப்பார் இல்லை. 2006இல் மேன்டன் மறைந்தபின் மாவட்டக் கட்சித் தலைமையும் அவரிடமே வந்து சேர்ந்தது. 2016 நவம்பரில் 80 விழுக்காட்டுக்கும் மேல் வாக்குகள் பெற்றார். சபையில் தம் கட்சியின் முன்னணித் தலைவர்களுள் ஒருவரானார். பதினான்கு ஆண்டுகளுக்குப் பின், 2018 ஜூன் 26 அன்று அவரை எதிர்த்து நின்றவர், மதுக்கூடத்தில் பணியாற்றிவந்த 28 வயது அலெக்சாண்ட்ரியா ஒக்காசியோ கோர்ட்டெஸ். பிராங்க்சில் நடந்த ஒரு விவாதத்துக்குத் தாம் செல்லாமல், முன்னாள் நகரமன்ற உறுப்பினர் ஒருவரைத் தம் சார்பில் அனுப்பிவைத்தார் கிரௌலி. கோட்டைக்குள் நெடுங்காலம் வாழ்பவருக்கு வாசற்கதவு ஒன்று இருப்பதே மறந்துவிடும் போலும். ஒக்காசியோ கோர்ட்டெஸ் சுமார் 57 விழுக்காடு பெற்று வென்றார்.

இவ்வெற்றியை மக்களாட்சியின் வெற்றி என்று கொண்டாடியோர் பலர். எனக்கும் அதில் மகிழ்ச்சியே. ஆயினும் எண்களைப் பார்க்கும்போது ஒரு நெருடல் எழுகிறது. ஏறத்தாழ 7 லட்சம் மக்கள் வாழும் தொகுதியில், அந்த ஜூன் நாளில் வாக்களித்தோர் 30,000க்கும் குறைவு. வென்றவர் பெற்றவை ஏறத்தாழ 17,000 வாக்குகள். அதே ஆண்டு நவம்பரில் அங்கே வாக்களித்தோர் ஏறத்தாழ 1,40,000 பேர். அவர்களுள் பெரும்பாலோர் வாக்குச்சாவடிக்கு வந்து நின்றபோது தீர்ப்பு எழுதி நான்கு மாதங்கள் ஆகியிருந்தன. கிரௌலியின் பெயர் ஒரு சிறு கட்சியின் சார்பில் அப்போதும் வாக்குச்சீட்டில் இருந்தது. அதனால் ஒன்றும் நேரவில்லை.

ஏன் இவ்வளவு குறைவானோர் வந்தனர்? மக்களின் அசட்டை ஒரு காரணம்தான். ஆனால் கதவைக் குறுக்கி வைத்ததில் விதிகளுக்கும் பங்குண்டு. நியூயார்க்கில் ஒரு கட்சியின் உட்கட்சித் தேர்தலில் அக்கட்சியில் பதிவுசெய்தோர் மட்டுமே வாக்களிக்கலாம். கட்சி மாற விரும்பியவர் முந்தைய ஆண்டு அக்டோபரிலேயே மாறியிருக்க வேண்டும். போட்டி ஒன்று வரப்போகிறது என்பதே பெரும்பாலோருக்குத் தெரியாத காலம் அது. போதாக்குறைக்கு, 2018இல் காங்கிரசுக்கான உட்கட்சித் தேர்தல் ஜூனிலும், மாநிலப் பதவிகளுக்கானது செப்டம்பரிலும் தனித்தனியே நடந்தன.

ஒரு கட்சி தன் வேட்பாளரைத் தானே தேர்ந்தெடுக்கும் உரிமை உடையது, வெளியாருக்கு அதில் என்ன வேலை என்று சிலர் கேட்கலாம். நியாயமான கேள்வி. நவம்பரில் இரு கட்சிகளும் சமபலத்துடன் மோதும் தொகுதியில் அவ்வாதத்தை நான் ஏற்பேன். ஆனால் ஒரே கட்சிதான் வெல்லும் என்றிருக்கும் இடத்தில், அக்கட்சியின் வேட்பாளர் தேர்வு அக்கட்சியின் வீட்டு விவகாரமாக இருக்க முடியாது. அங்கே அதுவே பொதுத்தேர்தல்.

கலிபோர்னியா வேறொரு வழியை முயன்றது. கட்சி வேறுபாடின்றி எல்லோரும் முதற்கட்டத் தேர்தலில் வாக்களிப்பர். முதலிரு இடங்களைப் பெற்றவர்கள், ஒரே கட்சியினராயினும், நவம்பரில் மோதுவர். 1973 முதல் சபையில் இருந்த பீட் ஸ்டார்க், 2012 ஜூனில் முதலிடம் பெற்றும், நவம்பரில் தம் கட்சியைச் சேர்ந்த எரிக் ஸ்வால்வெல்லிடம் தோற்றார். இம்முறையிலும் குறைகள் உண்டு. நவம்பர் வாக்குச்சீட்டில் மற்றக் கட்சிக்கு இடமே இல்லாமற் போகலாம். எனினும் கோட்டையின் தலைவர் யாரென்பதை, அதிகம் பேர் வரும் நாளில், அங்கு வாழ்வோரே முடிவுசெய்தனர்.

நியூயார்க்கும் சிறிது அசைந்தது. உட்கட்சித் தேர்தல்களை ஒரே நாளில் நடத்தவும், கட்சி மாறுவதற்கான கெடுவைத் தேர்தலாண்டின் பிப்ரவரிக்குத் தள்ளிவைக்கவும் 2019இல் சட்டங்கள் வந்தன. 2020இல் ஒக்காசியோ கோர்ட்டெசையும் அவர் கட்சியினர் எதிர்த்து நின்றனர். அவர் பெருவாரியாக வென்றார். 2024 நவம்பரில் அவருக்குச் சுமார் 69 விழுக்காடு கிடைத்தது. அதே நாளில் அவருக்கும் டிரம்புக்கும் சேர்த்தே வாக்களித்தவர்களும் அத்தொகுதியில் இருந்தனர். ஏன் அப்படி வாக்களித்தீர்கள் என்று அவரே அவர்களிடம் வெளிப்படையாகக் கேட்டார்.

அக்கேள்வியை நான் பெரிதாக மதிக்கிறேன். பாதுகாப்பான தொகுதி என்பது வேட்பாளரின் பார்வையில் பிறந்த சொல். அங்கு வாழும் வாக்காளருக்கு அதில் எந்தப் பாதுகாப்பும் இல்லை. தம் வாக்கு எந்த நாளில் உயிருடன் இருக்கிறது என்பதை அவர் அறிந்துகொள்ள வேண்டும். அந்த நாளை அவரிடமிருந்து ஒளித்துவைக்காதிருப்பது அரசின் கடமை.