தண்ணிப் பால்

என் பாட்டி போர்டிக்சன் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் முப்பது வருஷத்துக்கு மேல் பால் மரம் வெட்டினார். பால் நிறுக்கும் கொட்டகையில் அவர் முறை வரும்போதெல்லாம், கணக்கெழுதும் கிராணி மெட்ரோலாக் மிதவையைப் பாலில் விட்டுப் பார்த்துவிட்டு, "தண்ணிப் பால்" என்று சொல்லிக் குறைத்து எழுதுவாராம். சம்பளம் காய்ந்த ரப்பரின் எடைக்குத்தான். பாலில் ரப்பர் எவ்வளவு என்பதை அந்த மிதவை சொல்ல வேண்டும். மிதவை சொன்னதைக் கிராணி எழுத வேண்டும். இடையில் என்ன நடந்தது என்று தொழிலாளர் குடியிருந்த லயத்தில் எல்லாருக்கும் தெரியும். வாயைத் திறக்கத்தான் ஆள் இல்லை. பாட்டிக்குப் புருஷனும் இல்லை.

ஒரு நாள் துரை கொட்டகைக்கு வந்திருந்தார். அந்தக் காலத்து வெள்ளைக்காரத் துரைகள் தமிழ் படித்துத் தேர்வு எழுத வேண்டும். ஓரளவு பேச்சு புரியும். பாட்டி தலைத்துணியை இறக்கிக் கையில் வைத்துக்கொண்டு, தயங்கித் தயங்கிக் கேட்டிருக்கிறார்: "கிராணி ஐயா, எனக்குக் கணக்கு வழக்கு தெரியாதுங்க. என் பால் மட்டும் ஏன் தண்ணியா இருக்கு?" கிராணிக்கு உற்சாகம். துரை கேட்கட்டும் என்று உரக்கவே சொன்னார்: "நீ ஆத்துத் தண்ணிய ஊத்துற. இன்னைக்கும் ஊத்தியிருக்க. இதோ, எழுதியாச்சு." பாட்டி தலையாட்டிக்கொண்டு இரண்டு எட்டு நடந்துவிட்டுத் திரும்பினார். "ஐயா, கோவிச்சுக்காதீங்க. இன்னைக்கு நான் கொண்டாந்தது என் பால் இல்லீங்களே. கங்காணி வீட்டு மருமக பால். என் வாளியத்தான் அது தூக்கியாந்துச்சு. அதுக்கு நல்ல பால்னு எழுதினீங்க."

கொட்டகைக்கு வருமுன்பே இரண்டு பெண்களும் பால் வாளியை மாற்றிக்கொண்டிருந்தார்கள்.

இந்தக் கதையை எழுத வைத்தது கொலம்போ என்ற தொலைக்காட்சித் துப்பறிவாளர். கடந்த சில மாதங்களாக அவர் வரும் பழைய தொலைக்காட்சிப் படங்களை வரிசையாகப் பார்த்து வருகிறேன். 1968 முதல் 2003 வரை பீட்டர் ஃபாக் நடித்த 69 படங்கள். ரிச்சர்ட் லெவின்சன், வில்லியம் லிங்க் என்ற இருவரின் படைப்பு. கசங்கிய மழைக்கோட்டு, அது ஃபாக்கின் சொந்தக் கோட்டு. சுருட்டு, ஓட்டை பெஜோ கார், ஒருமுறைகூடத் திரையில் வராத மனைவியைப் பற்றிய ஓயாத பேச்சு. மூன்று வயதில் புற்றுநோயால் வலது கண்ணை இழந்தவர் ஃபாக். அந்தக் கண்ணாடிக் கண்ணின் ஒருக்களித்த பார்வையே அப்பாவித்தனமாகத் தெரிகிறது. கொலைகாரர்களோ லாஸ் ஏஞ்சலஸ் மாளிகைவாசிகள்: மருத்துவர், வழக்கறிஞர், இசைக்குழு நடத்துநர், புகழ்பெற்ற எழுத்தாளர். இவன் ஒரு ஆளா என்று அவர்கள் நினைக்கும் அந்த நொடியிலிருந்து அவர்கள் கதை முடியத் தொடங்குகிறது. வாசல்வரை போய்விட்டுத் திரும்பி வந்து, இன்னும் ஒரே ஒரு விஷயம் என்று நெற்றியைத் தடவுகிறார் கொலம்போ.

கொலை செய்தவர் யார் என்பதை இந்தப் படங்கள் பெரும்பாலும் தொடக்கத்திலேயே காட்டிவிடுகின்றன. எப்படிப் பிடிபடுவார் என்பதுதான் மீதிக் கதை. இந்த அமைப்பு என்னை உலுக்கியது. தோட்டத்தில் நம் வாழ்க்கை முழுக்க அப்படித்தானே இருந்தது? எடையில் கைவைத்தவர் யார், பேர் போட்டு வேலை செய்தவரிடம் பாதிச் சம்பளத்தைப் பிடித்துக்கொண்டவர் யார் என்பதில் லயத்தில் எவருக்கும் மர்மம் இருந்ததில்லை. நிரூபிப்பது எப்படி என்பதுதான் கேள்வி. அதற்கு விடை கண்டுபிடித்தவர்கள் இருந்தார்கள். அவர்களை நாம் எழுதவில்லை.

தமிழில் அப்பாவித் துப்பறிவாளன் இல்லாமலில்லை. எழுத்தாளர் தேவன் 1940களில் ஆனந்த விகடனில் படைத்த துப்பறியும் சாம்புவை நம் பெற்றோர் தலைமுறை கொண்டாடியது; எனக்கும் அவர் பிரியமானவர். ஆனால் சாம்பு உண்மையாகவே ஒன்றும் அறியாதவர். அதிர்ஷ்டம் அவரை ஜெயிக்க வைக்கிறது. கொலம்போவுக்கு அதிர்ஷ்டம் தேவையில்லை. தஸ்தயெவ்ஸ்கியின் 'குற்றமும் தண்டனையும்' நாவலில் ரஸ்கோல்னிக்கோவைப் பேச வைத்துப் பேச வைத்தே சுற்றி வளைக்கும் விசாரணை அதிகாரி போர்ஃபிரியின் வாரிசு அவர். என் பாட்டியும் அந்த வம்சம்தான் என்பேன். கிராணியை முதலில் பொய் சொல்ல விட்டு, துரை காதில் அது விழுந்த பிறகு வாளிக் கதையை எடுத்தாரே, அதை யாரும் அவருக்குச் சொல்லிக்கொடுக்கவில்லை.

எங்கள் இதழுக்கு வரும் தோட்டக் கதைகளை அக்கறையோடு படிக்கிறோம். பெரும்பாலானவற்றில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்கு விடியுமுன் எழும் பெண் அழுகிறாள், அடிபடுகிறாள், இறந்துபோகிறாள். அந்தத் துன்பம் பொய்யில்லை. ஆனால் அவள் எதையும் கவனிக்காதவளாக, யோசிக்காதவளாக வருவது பொய். துரையும் கிராணியும் அவளை எப்படிப் பார்த்தார்களோ, அதே பார்வையை நாமும் கடன் வாங்கிவிட்டோம். அவள் தலைகுனிந்து நின்றதைப் பணிவு என்று அவர்கள் நம்பினார்கள்; எழுத்தாளரும் நம்பலாமா? துரை பங்களாவில் சமைத்தவருக்குத் தோட்டம் விற்கப்படும் செய்தி கிராணிக்கு முன்பே தெரிந்திருக்கும். மாட்டுக்குப் புல் அறுக்கப் போனவர் எத்தனை வேலிகளுக்கு உள்ளே பார்த்திருப்பார்!

போர்டிக்சன் வட்டாரத்தில் லுக்குட், சிலியாவ், சுங்காலா பக்கம் போகும்போது பாருங்கள். ரப்பர் போய்ச் செம்பனை வந்தது, செம்பனையும் போய் வீடமைப்புப் பகுதிகள் எழுகின்றன. லயத்து மனிதர்களில் எண்பது தாண்டியவர்கள் இன்னும் சிலர் இருக்கிறார்கள். அடுத்த இதழை அவர்களுடைய வாளிக் கதைகளுக்காக ஒதுக்குகிறோம். அழவைத்தவர்களைப் பற்றி அல்ல, அகப்பட வைத்தவர்களைப் பற்றி எழுதி அனுப்புங்கள். கேட்கப் போனால், "எனக்கு என்னய்யா தெரியும், நான் படிக்காதவ" என்றுதான் தொடங்குவார்கள். அதைக் கேட்டு எழுந்து வந்துவிடாதீர்கள்.