தொண்டையில் நிற்கும் சோறு



வலிமா விருந்தில் ஒரு குழந்தை அமர்ந்திருக்கிறது. கைகளில் துணிக்கட்டு. மற்றப் பிள்ளைகள் உண்டு எழுந்த பின்னும் அது ஒரே கவளத்தை மென்றுகொண்டிருக்கிறது. வாய்க்கு வாய் தண்ணீர் கேட்கிறது. "செல்லம் கொடுத்துக் கெடுத்துவிட்டாள்" என்று அருகில் யாரோ சொல்ல, தாய் தலைகுனிகிறாள். அத்தகைய தாய்க்காகவே இம்மாதம் எழுதுகிறேன்.

சற்று உரசினாலும் தோல் கொப்புளித்து உரிந்துவிடும் பிறவி நோய் ஒன்று உண்டு. எபிடெர்மோலிசிஸ் புல்லோசா என்பது அதன் மருத்துவப் பெயர். மேல்தோலை அடித்தோலோடு பிணைத்து நிறுத்தும் ஏழாம் வகைக் கொலாஜன் என்னும் புரதம் குறைந்தோ, அறவே இல்லாமலோ போவதால் அதன் கடுமையான வகை ஒன்று உண்டாகிறது. அவ்வகையில் பெற்றோர் இருவரும் நலமாகவே இருப்பர். ஆயினும் மரபணுக் குறை இருவரிடமும் மறைந்திருப்பின், ஒவ்வொரு பேற்றிலும் நான்கில் ஒரு பங்கு வாய்ப்பு உண்டு. சொந்தத்திற்குள்ளேயே பெண் கொடுத்துப் பெண் எடுக்கும் குடும்பங்களில் இது கூடுதலாகக் காணப்படுவது அதனால்தான். கண்ணேறும் அன்று; கருவுற்றபோது தாய் உண்ட உணவும் அன்று; தொற்றுநோயும் அன்று. மருமகள் மீது பழி சுமத்தும் மாமியார்கள் இவ்வரிகளை இருமுறை படிக்கட்டும்.

வெளிப்புண் எல்லோர் கண்ணுக்கும் தெரிகிறது. உணவுக்குழாயின் உட்புறமும் அவ்வாறே கொப்புளிப்பதை யார் காண்பர்? ஆறும் புண் தழும்பாகிறது. தழும்பு சுருங்கச் சுருங்கக் குழாய் குறுகுகிறது, பெரும்பாலும் தொண்டைக்குச் சற்றுக் கீழே. முதலில் இறைச்சி நிற்கும், பிறகு சோறு, பிறகு கஞ்சி. எச்சிலைக்கூட விழுங்க முடியாத நிலை வந்தால் அன்றே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.

இதற்குச் சிகிச்சை உண்டு என்பதே பல வீடுகளுக்குத் தெரியாது. மருந்துக் கரைசலை விழுங்கச் செய்து எக்ஸ்ரேயில் குறுகிய இடத்தைக் காண்பர். குழந்தையை மயக்கத்தில் ஆழ்த்தி, மெல்லிய கம்பியின் வழியே சுருங்கிய பலூனை அவ்விடத்திற்குச் செலுத்தி விரிப்பர். சிறிது நேரத்தில் அதைச் சுருக்கி வெளியே எடுத்துவிடுவர். முன்பு இதற்குப் பயன்பட்ட கோலுக்குப் 'பூஜி' என்று பெயர். அல்ஜீரியாவின் பிஜாயா துறைமுகத்திலிருந்து ஐரோப்பா சென்ற மெழுகால் வந்த பெயர் அது. கோல் உள்ளே செல்லும்போது குழாய்ச் சுவரை நெடுக உரசும். உரசலே இந்நோய்க்குப் பகை. பலூனோ நின்ற இடத்திலேயே பக்கவாட்டில் விரிகிறது. ஆதலால் இக்குழந்தைகளுக்குப் பலூனே விரும்பப்படுகிறது. குழாயில் துளை விழும் ஆபத்து அறவே இல்லை என்று சொல்வதற்கில்லை. ஆனால் அது அரிது.

பெரும்பாலான குழந்தைகள் அன்றோ மறுநாளோ நீராகாரம் பருகத் தொடங்குவர். பின்னர் நோன்புக் கஞ்சியைப் போலக் குழைந்த உணவை ஆறவைத்துக் கொடுக்கலாம். முறுக்கும் எலும்புள்ள கறியும் எப்போதும் ஆகா. சில மாதங்களிலோ ஆண்டுகளிலோ குழாய் மீண்டும் குறுகக்கூடும். அப்போது மீண்டும் விரிக்கலாம். அப்படியும் எடை கூடாவிடில், வயிற்றில் சிறு துளையிட்டுக் குழாய் வழியே உணவளிப்பர். புண் ஆறுவதற்கே இக்குழந்தைக்குப் புரதம் மிகுதியாக வேண்டும்.

ஒன்றைக் கவனியுங்கள். மலச்சிக்கலால் ஆசனவாயில் வெடிப்பு உண்டாகி, அவ்வலிக்கு அஞ்சியே உண்ண மறுக்கும் குழந்தைகளும் உண்டு. மருத்துவரிடம் அதையும் கூச்சமின்றிச் சொல்லுங்கள்.

இந்நோயின் புண்களில் தடவும் மரபணுக் களிம்பு ஒன்றுக்கு அமெரிக்கா 2023இல் அனுமதி அளித்தது. அது தோல் புண்ணுக்கு உரியது, உணவுக்குழாய்க்குப் பலூன்தான்.

திருவண்ணாமலையிலும் சுற்றுவட்டாரத்திலும் உள்ளோர்க்கு, தோல், குழந்தை அறுவை, எண்டோஸ்கோப்பி ஆகிய துறைகள் அனைத்தும் உள்ள வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி மருத்துவமனை ஏறத்தாழ 80 கி.மீ. தொலைவில் இருக்கிறது. பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் பேருந்து ஏறாதீர்கள். கிரிவலக் கூட்டத்தின் நெரிசலில் குழந்தையின் தோல் உரிந்துவிடும். மயக்க மருத்துவரை முன்னதாகவே பார்த்து, சாதாரண பிளாஸ்திரியை உடலில் எங்கும் ஒட்ட வேண்டாம் எனச் சொல்லுங்கள். அதைப் பிரிக்கும்போது தோலும் உடன் வரும். இரத்த அழுத்தம் பார்க்கும் பட்டைக்கு அடியில் வைக்க, மெத்தென்ற பஞ்சுத் துணியையும் கையோடு கொண்டுபோங்கள்.