மொட்டைக் கடிதம் கோழைத்தனமா?

‘மொட்டைக் கடிதம்’ என்ற சொல்லிலேயே ஓர் இளக்காரம் இருக்கிறது. பெயர் போடாமல் புகார் எழுதுகிறவர் கோழை, இல்லாவிட்டால் பொய்யர் என்று முன்கூட்டியே தீர்ப்பு எழுதிவிடும் சொல் அது. பல்கலைக்கழகத் துறையோ ஐ.டி. நிறுவனமோ, சாதிப் பாகுபாடு பற்றி அப்படி ஒரு புகார் வந்தால் “எழுதியது யார்?” என்றுதான் முதலில் தேடுகிறார்கள். நடந்தது என்ன என்ற கேள்வி பிறகு வரலாம், வராமலும் போகலாம்.

2020 ஜூனில் கலிபோர்னியா அரசுத் துறை ஒன்று சிஸ்கோ நிறுவனத்தின் மீதும் அதன் இரண்டு மேலாளர்கள் மீதும் வழக்குப் போட்டது. பாதிக்கப்பட்டதாகச் சொல்லப்பட்ட தலித் பொறியாளர் வழக்கில் ‘ஜான் டோ’ மட்டுமே. அவர் ஐ.ஐ.டி.க்கு இடஒதுக்கீட்டில் வந்தவர் என்று மேலாளர் சக ஊழியர்களிடம் சொன்னார் என்பது குற்றச்சாட்டு. சாதிப் பாகுபாடு சட்டவிரோதம் அல்ல என்று நிறுவனத்துக்குள் பதில் கிடைத்ததாகவும் மனு சொன்னது. நிறுவனம் மறுத்தது. 2023இல் மேலாளர்கள் மீதான வழக்கை அரசே திரும்பப் பெற்றது. நிறுவனத்தின் மீதான வழக்கு தொடர்ந்தது.

இதற்கிடையே இன்னொரு சண்டையும் நடந்தது. டோவின் உண்மைப் பெயரை மறைக்கக் கீழ்நீதிமன்றம் அனுமதிக்கவில்லை. இந்தியாவில் இருக்கும் அவர் குடும்பத்துக்கு வரக்கூடிய ஆபத்தை அது கணக்கில் எடுக்கவில்லை. அதையும் பார்த்து மறுபடி முடிவெடுங்கள் என்று 2022 ஆகஸ்டில் மேல்முறையீட்டு நீதிமன்றம் சொன்னது. நம் ஊரில் சாதி எப்படி வேலை செய்கிறது என்பதை அமெரிக்க நீதிபதிகளுக்கு விளக்க வேண்டியிருந்தது. நமக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை.

படித்துப் பெரிய வேலைக்குப் போய்விட்டால் சாதி பின்னால் வராது என்பவர்கள் அம்பேத்கரின் பரோடா நாட்களைப் படிக்கட்டும். கொலம்பியாவில் படித்துவிட்டு அரசுப் பணிக்கு வந்தவர், தங்க இடம் கிடைக்காமல் பார்சிப் பெயரில் ஒரு விடுதியில் தங்கினார். உண்மை தெரிந்ததும் தடிகளோடு வந்து வெளியேற்றினார்கள். அவர் பெயரை மறைத்தது யாரையும் ஏமாற்றிப் பிழைக்க அல்ல, தலைக்கு மேல் ஒரு கூரைக்காக.

“குற்றம் சாட்டப்பட்டவருக்கும் நியாயம் வேண்டாமா? யார் வேண்டுமானாலும் சேற்றை வாரி இறைக்கலாமா?” என்று கேட்பார்கள். நியாயமான கேள்விதான். ஆனால் யாருக்குமே தெரியாமல் இருப்பது வேறு, ஊருக்குத் தெரியாமல் இருப்பது வேறு. டோ யாரென்று சிஸ்கோவுக்குத் தெரியும், பதில் சொல்ல வேண்டியவர்களுக்கும் தெரியும். அவருக்கு வேண்டியிருந்தது, பெயர் பொதுவெளிக்கு வரக்கூடாது என்பது மட்டுமே.

இது நம் சட்டத்துக்குப் புதிதும் அல்ல. பணியிடப் பாலியல் துன்புறுத்தல் தடுப்புச் சட்டம் 2013இன் 16ஆம் பிரிவு, புகார் கொடுத்த பெண்ணின் அடையாளத்தை வெளியிடக் கூடாது என்கிறது. வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் 2015 திருத்தம் சேர்த்த 15ஏ பிரிவு, பொதுமக்கள் பார்க்கக்கூடிய ஆவணங்களில் சாட்சிகளின் பெயரையும் முகவரியையும் மறைக்க நீதிமன்றத்துக்கு வழி தருகிறது. நீதிமன்றமே செய்யக்கூடியதை ஒரு கல்லூரிக் குழு ஏன் செய்யக்கூடாது?

புதுச்சேரி சின்ன ஊர். ஆய்வுத் துறைகள் அதைவிடச் சின்னவை. ஒரு துறையில் பட்டியல் சாதி ஆய்வாளர் இரண்டே பேர் என்றால், பெயர் போடாத கடிதத்தை எழுதியவரைக் கண்டுபிடிக்க ஒரு டீ குடிக்கும் நேரம் போதும். அதன் பிறகு நெறியாளரின் கையெழுத்து தாமதமாகும், உதவித்தொகைப் படிவம் மேசையிலேயே கிடக்கும். இவை எதுவும் எந்த விதியிலும் குற்றமாக எழுதப்பட்டிருக்காது.

ஆகவே நடத்தை விதிகளில் மூன்று விஷயங்கள் வெளிப்படையாக இருக்க வேண்டும். ‘சாதி’ என்ற சொல் இருக்க வேண்டும். ஆப்பிள் நிறுவனமே தன் ஊழியர் விதிகளில் அதைச் சேர்த்துவிட்டது. புகார் கொடுத்தவர் பெயர் விசாரணைக்குத் தேவையானவர்களைத் தாண்டிப் போகக்கூடாது. பழிவாங்கும் தாமதமும் தனிக் குற்றமாகக் கருதப்பட வேண்டும்.

பெயர் போட்டுப் புகார் கொடுத்தவர் பத்திரமாக ஆய்வை முடித்துப் பட்டம் வாங்கும் நிலையை முதலில் உருவாக்குங்கள். அதுவரை மொட்டைக் கடிதங்கள் வரும். வந்தால், தோழர்களே, கையெழுத்தைத் தேடாமல் உள்ளே இருப்பதைப் படியுங்கள்.