கணக்கைக் கதையாகச் சொல்லச் சொல்லுங்கள்: ஊராருக்கு ஒரு வேண்டுகோள்



நம் ஊர்த் தொடக்கப் பள்ளியில் மூன்று, நான்கு, ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகள் பலருக்குக் கூட்டல் கழித்தல் நன்றாகவே வருகிறது. வாய்ப்பாடும் தடங்கலில்லாமல் ஒப்பிக்கிறார்கள். அதே கூட்டலும் கழித்தலும் பாடநூலில் ‘வாழ்க்கைக் கணக்கு’ என்று மூன்று வரியில் வந்துவிட்டால் பென்சில் நின்றுவிடுகிறது. “இதைக் கூட்டணுமா சார், கழிக்கணுமா?” என்று கேட்கிறார்கள். கணக்கை முழுதாகப் படித்துப் பார்க்கும் முன்பே இந்தக் கேள்வி வந்துவிடுகிறது. இதை மாற்ற ஆசிரியர்களும் பள்ளி மேலாண்மைக் குழுப் பெற்றோரும் மட்டும் போதாது என்பதால்தான் உங்களிடம் வருகிறோம்.

சிக்கல் எங்கே இருக்கிறது என்று பாருங்கள். “ஒரு கூடையில் இருந்த 45 மாம்பழங்களில் அழுகிய 7 பழங்கள் நீங்கலாக எஞ்சியவற்றை, பழம் ஒன்று 10 ரூபாய் வீதம் விற்றால் வியாபாரிக்குக் கிடைக்கும் தொகை எவ்வளவு?” ஒரே வாக்கியத்தில் மூன்று நிகழ்ச்சிகள். போதாததற்கு ‘நீங்கலாக’, ‘எஞ்சிய’, ‘வீதம்’ என்று வீட்டில் யாரும் பேசாத சொற்கள். இதையே, “கூடையில 45 மாம்பழம் இருந்துச்சு. 7 அழுகிப்போச்சு. நல்ல பழத்தை மட்டும் ஒண்ணு பத்து ரூபாய்னு வித்தாரு. கைக்கு எவ்வளவு வரும்?” என்று கேட்டால், “38 பழம், 380 ரூபா” என்று சொல்லிவிடுகிற பிள்ளைகள் இருக்கிறார்கள். கணக்கு தெரியாத பிள்ளையா இது? ஏட்டுத் தமிழிலிருந்து வீட்டுத் தமிழுக்கு அந்தக் கணக்கைக் கொண்டுவர யாரும் பழக்கவில்லை, அவ்வளவுதான்.

இது நம் ஊருக்கு மட்டும் உள்ள குறை இல்லை. கொல்கத்தா, டெல்லிச் சந்தைகளில் வியாபாரம் செய்யும் 1,400-க்கும் மேற்பட்ட பிள்ளைகளிடம் நடத்திய ஆய்வு ஒன்று 2025-இல் ‘நேச்சர்’ இதழில் வெளிவந்தது. பொருளாதார நோபல் பெற்ற அபிஜித் பானர்ஜியும் எஸ்தர் டஃப்லோவும் அதில் பங்கேற்றவர்கள். தராசைப் பிடித்து மனக்கணக்காகவே விலை சொல்லி மீதிச் சில்லறை கொடுத்த பிள்ளைகள், அதே கணக்கு பள்ளிப் பாணியில் தாளில் வந்தபோது தடுமாறினார்கள். தாளில் தேறிய பள்ளிப் பிள்ளைகளோ சந்தைக் கணக்கில் திணறினார்கள். கடைக்கும் வகுப்பறைக்கும் நடுவே பாலம் போட ஆள் இல்லை என்பதே அதிலிருந்து நாங்கள் எடுத்துக்கொண்ட பாடம்.

அந்தப் பாலத்துக்குப் பதிலாக நாம் பிள்ளைகளுக்கு ஒரு குறுக்குவழியைக் கொடுத்து வைத்திருக்கிறோம். ‘மொத்தம்’ என்று வந்தால் கூட்டு, ‘மீதி’ என்று வந்தால் கழி, ‘அதிகம்’ என்றால் கூட்டு. “தங்கைக்கு 5 பென்சில் கொடுத்த பிறகு மலரிடம் 8 பென்சில் மீதி இருக்கிறது. முதலில் அவளிடம் எத்தனை இருந்தன?” ‘மீதி’யைக் கண்டதும் பிள்ளை 8-இல் 5-ஐக் கழித்து 3 என்று எழுதுகிறது. விடை 13. “கமலாவிடம் 12 முழம் பூ இருக்கிறது. அது செல்வியிடம் இருப்பதைவிட 4 முழம் அதிகம். செல்வியிடம் எவ்வளவு?” ‘அதிகம்’ என்றதும் 16. விடை 8. இரண்டு கோடுகளை, ஒன்றை நீளமாகவும் ஒன்றைக் குட்டையாகவும், போட்டுப் பார்க்கச் சொன்னால் பிள்ளையே திருத்திக்கொள்ளும். குறுக்குவழி பிடிபட்டுவிட்டால் கோடு போடப் பொறுமை இருக்காது.

பிள்ளை எங்கே தடுமாறுகிறது என்று கண்டறிய ஆஸ்திரேலியக் கல்வியாளர் ஆன் நியூமன் 1977-இல் ஒரு முறையைத் தந்தார். தவறு செய்த பிள்ளையிடம் ஐந்து கேள்விகளை வரிசையாகக் கேட்க வேண்டும். கணக்கை வாய்விட்டுப் படி. என்ன கேட்டிருக்கிறது, உன் பேச்சில் சொல். எப்படிப் போடப் போகிறாய்? போட்டுக் காட்டு. இப்போது விடையை எழுது. எந்தக் கேள்வியில் பிள்ளை நிற்கிறதோ அங்கேதான் உதவி தேவை. பல பிள்ளைகள் கணக்கைப் ‘போடும்’ இடத்துக்கு வருவதற்கு முன்பே நின்றுவிடுகிறார்கள். நாமோ மறுபடியும் வாய்ப்பாட்டைத்தான் ஒப்பிக்கச் சொல்கிறோம்.

2022-இல் அரசின் ‘எண்ணும் எழுத்தும்’ திட்டம் வந்தபின் வகுப்பறையில் செயல்பாடுகள் கூடியிருக்கின்றன. ஆனால் ஒரே ஆசிரியர் இரண்டு மூன்று வகுப்புகளைச் சேர்த்துப் பார்க்கும்போது, இந்த ஐந்து கேள்விகளையும் ஒவ்வொரு பிள்ளையிடமும் கேட்டு, பதில் வரும்வரை காத்திருக்க நேரம் கிடைப்பதில்லை. காது கொடுத்துக் கேட்கப் பெரியவர்கள் வேண்டும். ஆகவே கேட்டுக்கொள்கிறோம்:

பெற்றோரே, தாத்தா பாட்டிகளே: படிக்கத் தெரியாது என்று ஒதுங்க வேண்டாம். இரவுச் சாப்பாட்டுக்கு முன் ஒரே ஒரு கணக்கை, “என்ன நடந்துச்சுன்னு சொல்லு கண்ணு” என்று கேளுங்கள். யாரிடம் என்ன இருந்தது, என்ன ஆனது, எதைத் தெரிந்துகொள்ள வேண்டும் என்று பிள்ளை சொல்லிவிட்டால் பாதி வேலை முடிந்தது. விடை சரியா என்பதை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம். அடிக்கவோ, பக்கத்து வீட்டுப் பிள்ளையோடு ஒப்பிடவோ வேண்டாம்.

டியூஷன் எடுக்கும் தம்பி தங்கைகளே: ‘மீதி என்றால் கழி’ என்று எழுதிப் போடுவதை நிறுத்துங்கள். பத்துக் கணக்கை அவசரமாக முடிப்பதைவிட, இரண்டு கணக்குக்குப் படம் வரைய வைப்பது மேல்.

கடைக்கார அண்ணாச்சிகளே: கூட்டம் இல்லாத நேரத்தில் பிள்ளை 100 ரூபாயோடு வந்து 38 ரூபாய்க்குச் சாமான் வாங்கினால், கால்குலேட்டரைத் தொடுமுன், “மிச்சம் எவ்வளவு தரணும்?” என்று கேளுங்கள். தப்பாகச் சொன்னால் எப்படி வந்தது என்று கேளுங்கள்.

தொழில் செய்யும் எல்லோரும்: தையல்காரர், கொத்தனார், பூக்கட்டும் அக்கா, பால் சொசைட்டியில் அளப்பவர், மகளிர் குழுவில் கணக்கு எழுதுபவர், வேன் ஓட்டுநர் என யாராக இருந்தாலும், உங்கள் வேலையில் அன்றாடம் போடும் கணக்கு ஒன்றோடு பள்ளிக்கு வாருங்கள். “50 பிள்ளைங்க, ஒரு வேன்ல 12 பேர், எத்தனை வேன் வேணும்?” என்று ஓட்டுநரே வந்து கேட்டால், 4 என்று எழுதி மீதி 2 பேரை ரோட்டில் விட்டுப் போக எந்தப் பிள்ளைக்கும் மனம் வராது. 5 வேன் என்று அதுவே சொல்லும்.

சனிக்கிழமைதோறும் மாலை 4 மணி முதல் 5 மணி வரை பள்ளி வளாகத்தில் இதற்காகக் கூடுகிறோம். நீங்கள் சொல்லும் கணக்கைப் பிள்ளைகள் முதலில் தங்கள் பேச்சில் திருப்பிச் சொல்வார்கள், பிறகு படம் வரைவார்கள், அதன்பிறகே போடுவார்கள். மறுவாரம் அதேபோல ஒரு கணக்கை அவர்களே உண்டாக்கி உங்களிடம் கேட்பார்கள். நன்கொடை எதுவும் வேண்டாம். மாதத்தில் ஒரு சனிக்கிழமை, ஒரு மணி நேரம் தந்தால் போதும். வர முடிந்தவர்கள் தலைமையாசிரியரிடம் உள்ள பதிவேட்டில் உங்கள் பெயர், தொழில், வசதிப்படும் வாரம் மூன்றையும் எழுதி வையுங்கள். எழுதச் சிரமம் என்றால் சத்துணவுக் கூடத்து அக்காவிடம் வாய்ச்சொல்லாகச் சொன்னாலும் சேர்த்துக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
தொடக்கப் பள்ளி ஆசிரியர்கள்,
பள்ளி மேலாண்மைக் குழுப் பெற்றோர்